எடையைக் களைதலும் உயிரைக் காத்தலும்: பந்தயக் காரின் உட்புறமும் கதவுகளும்

முன்னுரை

திருக்குறளின் 48ஆம் அதிகாரமாகிய வலியறிதலில், மயிற்பீலி ஏற்றிய வண்டியை வள்ளுவர் எடுத்துக்காட்டாகக் கூறுகிறார். பீலியினும் மெல்லிய பொருள் வேறில்லை. எனினும் அளவு மிஞ்சி ஏற்றினால் அச்சு முறியும் என்பது அவர் உணர்த்தும் கருத்து. தமிழாசிரியர்கள் இக்குறளை அரசியலுக்கும் வாழ்வியலுக்கும் பொருத்தி உரைப்பர். ஆயின் அதனுள் பொதிந்துள்ள பொறியியல் உண்மை, நம் காலத்து எந்திர வண்டிக்கும் அவ்வாறே பொருந்துவதாகும். ஒரு பெரும்பொருளைக் காட்டிலும், பொருட்படுத்தாமல் விடப்பட்ட பல சிறு பொருள்களே வண்டியைப் பளுவாக்குகின்றன.

பந்தயக் கார் ஒன்றைத் தம் பட்டறையில் தாமே உருவாக்குவோர் முதலில் கைவைப்பது அதன் உட்புறத்திலும் கதவுகளிலுமே ஆகும். எந்திரத்தை மேம்படுத்தப் பெரும்பொருள் வேண்டும். மெத்தையைக் கழற்ற ஒரு ஸ்பேனர் போதும். இந்த எளிமையே இதன் கவர்ச்சி. இந்த எளிமையே இதன் ஆபத்தும். எதைக் கழற்றலாம், எதைக் கழற்றலாகாது, கழற்றியதற்கு ஈடாக எதை வைக்க வேண்டும் என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காண இக்கட்டுரை முற்படுகின்றது.

சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. காரை ‘மகிழுந்து’ எனத் தமிழாக்கி வழங்கி வருகிறோம். பந்தயத்திற்காக மெத்தையும் விரிப்பும் வானொலியும் நீக்கப்பட்டபின் அதில் மகிழ்வு குறைந்து உந்து மட்டுமே எஞ்சுகிறது! ஆதலின் ‘கார்’ என்னும் மக்கள் வழக்கையே இங்கு மேற்கொள்வோம்.

வடசென்னையும் சோழவரமும்

இப்பொருள் நம் வட்டாரத்திற்கு அயலானதன்று. இராயபுரம் முதல் எண்ணூர் வரை நீளும் கடற்கரைப் பகுதி, தென்னகத்தின் வாகனத் தொழிலுக்குத் தொட்டிலாக அமைந்த பகுதிகளுள் ஒன்றாகும். 1946இல் திருவொற்றியூரில் ஒரு சிறு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யும் தொழிலாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். நிறுவனம், பின்னர் டயர் உற்பத்தியில் நாடறிந்த நிறுவனமாக வளர்ந்தது. 1948இல் நிறுவப்பெற்ற அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் இங்கிலாந்து நாட்டு ஆஸ்டின் கார்களைப் பூட்டித் தந்து, 1955இல் அசோக் லேலண்ட் எனப் பெயர் மாறி லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் புகழ் பெற்றது. அதே 1955இல் உருவான என்ஃபீல்டு இந்தியா நிறுவனமும் திருவொற்றியூரிலேயே புல்லட் மோட்டார் சைக்கிளைச் செய்யத் தொடங்கியது. இத்தொழிற்சாலைகளைச் சுற்றி லேத் பட்டறைகளும் வெல்டிங் கடைகளும் டிங்கர் பட்டறைகளும் முளைத்தன. உலோகத்தைத் தொட்டே அதன் இயல்பை அறியும் கைகள் இங்கே பெருகின.

இவ்வட்டாரத்திற்கு வடமேற்கே, செங்குன்றத்தைக் கடந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் செல்வோர் சோழவரத்தை அடைவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அங்கே அமைந்த விமான ஓடுதளம், போர் முடிந்தபின் வேறொரு பயனுக்கு உரியதாயிற்று. 1953இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அவ்வோடுதளத்தில் கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்களை நடத்தியது. 1980களின் பிற்பகுதி வரை சோழவரம் என்றாலே பந்தயம் என்னும் நிலை இருந்தது. பின்னர் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில், 3.717 கிலோமீட்டர் நீளமுள்ள தனிப் பந்தயக்களத்தை அக்கழகம் அமைத்தது. அது 1990இல் திறக்கப்பட்டது.

சோழவரம் நடந்த காலத்தில் அயல்நாட்டுக் கார்களை இறக்குமதி செய்வது கடும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டிருந்தது. ஆகவே உள்நாட்டில் கிடைத்த ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு, அம்பாசடர் ஆகியவற்றையே மாற்றியமைத்துக் களமிறக்கினர். குடும்பத்தோடு கோயிலுக்கும் கடற்கரைக்கும் செல்வதற்கென வடிவமைக்கப்பட்ட வண்டிகள் அவை. அவற்றைப் பந்தயக் காராக்கும் கலை, கழற்றுவதிலிருந்தே தொடங்கியது. கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன் ஒருபடி மேலே சென்று, மாருதி 800 காரின் எந்திரத்தைப் பொருத்திய ஒற்றை இருக்கைப் பந்தய வண்டிகளை உருவாக்கினார். பெரிய எந்திரம் கிடைக்காத நாட்டில் சிறிய எந்திரத்தைக் கொண்டே விரைவு காண வேண்டுமாயின் வண்டி மெலிய வேண்டும் என்னும் உண்மைக்கு அவர் பணி சான்றாகும். 1995இல் வான்விபத்தொன்றில் அவர் மறைந்தார். கோவையிலுள்ள காரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

எடை ஏன் குறைய வேண்டும்?

அறிவியல் தமிழில் நிறை வேறு, எடை வேறு. நிறை என்பது ஒரு பொருளில் அடங்கியுள்ள பருப்பொருளின் அளவு. எடை என்பது அதன்மேல் புவி செலுத்தும் ஈர்ப்பு விசை. பட்டறையில் இரண்டையும் எடை என்றே வழங்குவர். வண்டியின் விரைவைத் தடுப்பது உண்மையில் நிறையே ஆகும். நியூட்டனின் இரண்டாம் விதிப்படி, விசை மாறாதிருக்க நிறை குறையின் முடுக்கம் மிகும்.

இதனை ஒரு கணக்கால் விளக்கலாம். பழைய பிரீமியர் பத்மினி காரின் எந்திரம் 1089 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் ஏறத்தாழ 40 குதிரைத்திறனும் உடையது. வண்டியின் எடை சுமார் 895 கிலோ. ஓட்டுநருக்கு 65 கிலோ சேர்த்தால் 960 கிலோ ஆகும். அதாவது ஒவ்வொரு குதிரையும் 24 கிலோவை இழுக்க வேண்டும். 100 கிலோவைக் குறைத்துவிட்டால் ஒரு குதிரையின் பங்கு 21.5 கிலோ ஆகிறது. எடையைக் குறைக்காமல் எந்திரத்தை மட்டும் திருத்தி இதே விகிதத்தை அடைய வேண்டுமானால் 40 குதிரைத்திறன் ஏறத்தாழ 44.6 ஆக உயர வேண்டும். சிறிய எந்திரத்தில் நாலரைக் குதிரையைக் கூட்டுவது எளிய செயலன்று.

எந்திரத்தின் திறனைக் கூட்டினால் நேர்ப்பாதையில் முடுக்கம் மட்டுமே மிகும். எடையைக் குறைத்தாலோ முடுக்கம், தடை, திருப்பம் ஆகிய மூன்றும் மேம்படும். ஓடும் வண்டியின் இயக்க ஆற்றல் அதன் நிறைக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், நிறை பத்தில் ஒரு பங்கு குறைந்தால் பிரேக் தாங்க வேண்டிய வெப்பமும் பத்தில் ஒரு பங்கு குறையும். டயர்களும் பல சுற்றுகள் வரை தளராமல் உழைக்கும்.

துறைமுகத்தை அண்டி வாழும் நமக்கு இது புதிய பாடமன்று. லாரியின் மொத்த எடைக்குச் சட்டம் ஓர் எல்லை வகுத்துள்ளது. வெறும் வண்டியின் எடையில் ஒரு கிலோ குறைந்தால் அதில் ஒரு கிலோ சரக்கு கூடுதலாக ஏற்றலாம். எண்ணூர்ச் சாலையில் செல்லும் கண்டெய்னர் லாரிக்கு ஊதியமாக அமைவது, பந்தயக் காருக்கு நொடிப்பொழுதாக அமைகிறது.

முதற்பணி நிறுத்துப் பார்த்தல்

ஸ்பேனரை எடுக்குமுன் குறிப்பேட்டை எடுத்தல் வேண்டும். வண்டியை எடைமேடையில் ஏற்றி மொத்த எடையையும், முன்சக்கரங்களை மட்டும் ஏற்றி முன்பக்க எடையையும், பின்சக்கரங்களை மட்டும் ஏற்றிப் பின்பக்க எடையையும் தனித்தனியே குறித்துக்கொள்ள வேண்டும். லாரிகளுக்கான எடைமேடை சில கிலோ வேறுபாட்டைத் துல்லியமாகக் காட்டாது. ஆதலால் கழற்றும் ஒவ்வொரு பொருளையும் கடைத்தராசில் தனியே நிறுத்து எழுதுதல் நன்று. கைக்குக் கனமாகத் தோன்றுவது தராசில் இலேசாகவும், இலேசாகத் தோன்றுவது கனமாகவும் அமைவதுண்டு.

இக்குறிப்பேட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே மூன்று செய்திகள் இடம்பெற வேண்டும்: அதன் எடை எவ்வளவு? வண்டியில் அது இருக்கும் உயரமும் இடமும் யாவை? அது செய்யும் வேலை என்ன? மூன்றாம் வினாவுக்கு விடை எழுத இயலாத பொருளை விடை கிடைக்கும்வரை கழற்றலாகாது. இவ்வொரு விதியைப் போற்றினால் பாதி விபத்துகள் பட்டறையிலேயே தவிர்க்கப்படும் எனலாம்.

உட்புறம்

நீக்கத்தக்கவை

பின்னிருக்கை முதலில் நீங்குவது. பந்தயத்தில் அதற்கு வேலையில்லை. பத்மினியின் முன்னிருக்கை ஒரே நீளப் பலகையாக அமைந்தது. அதுவும் நீங்கி, ஓட்டுநருக்கு மட்டும் உடலைப் பற்றிப் பிடிக்கும் தனி இருக்கை இடம்பெறும். அடுத்துத் தரைவிரிப்பும் அதன் அடியிலுள்ள கம்பளப் பஞ்சும். மழைநீர் புகுந்த பழைய வண்டிகளில் இப்பஞ்சு நீரை உறிஞ்சிக் கனத்திருக்கும். நம் கடற்கரைப் பகுதியில் அதன் அடியில் துரு மறைந்திருப்பதும் உண்டு. விரிப்பை எடுப்பதால் எடை குறைவது ஒரு பயன். துரு வெளிப்படுவது அதனினும் பெரிய பயன்.

பின்னர் வருவது தரைத்தகட்டில் ஒட்டியுள்ள தார்ப்பட்டை. தகட்டின் அதிர்வையும் ஓசையையும் அடக்குவதற்காக ஒட்டப்படுவது அது. 2 மில்லிமீட்டர் தடிப்புள்ள தார்ப்பட்டை ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 3 கிலோ கனக்கும். சூடேற்றிச் சுரண்டி எடுப்பது பழைய முறை. உலர் பனிக்கட்டியைப் பரப்பிக் குளிரச் செய்து சுத்தியலால் தட்டினால் கண்ணாடிபோல் நொறுங்கி உதிர்வது இன்றைய முறை. உலர் பனிக்கட்டி என்பது உறைந்த கரியமில வாயு. அதைக் கையுறையின்றித் தொடலாகாது. அடைபட்ட அறையில் பயன்படுத்தவும் கூடாது.

கூரையின் உள்துணி, வெயில் மறைப்பு, வானொலி, ஒலிபெருக்கி, சாம்பல் கிண்ணம், கையுறைப்பெட்டியின் மூடி, பின்பக்க அலமாரிப்பலகை ஆகியன தனித்தனியே சில நூறு கிராம்களே. சேர்த்து நிறுத்தால் வள்ளுவர் கூறிய மயிற்பீலி மூட்டை நினைவுக்கு வரும். கூரையில் குறையும் ஒரு கிலோ, தரையில் குறையும் ஒரு கிலோவினும் பயன் மிக்கது. உயரத்திலுள்ள எடை நீங்குங்கால் வண்டியின் ஈர்ப்பு மையம் தாழ்கிறது. திருப்பத்தில் வண்டி சாய்வது குறைகிறது.

நீக்கத்தகாதவை

எந்திர அறைக்கும் ஓட்டுநர் அறைக்கும் இடையிலுள்ள தகடு தீத்தடுப்புச் சுவராகும். அதில் கழற்றிய கம்பிகளும் குழாய்களும் விட்டுச்சென்ற துளைகளை உலோகத்தகட்டால் அடைத்தல் கட்டாயம். பெட்ரோல் தொட்டிக்கும் ஓட்டுநர் அறைக்கும் இடையே பின்னிருக்கை ஓரளவு மறைப்பாக இருந்தது. இருக்கையை நீக்கியவர், அங்கே உலோகத்தடுப்பு அமைக்காவிடில் தீக்குக் கதவு திறந்துவைத்தவராவர்.

ஃபியட் காரின் உடலும் சட்டமும் ஒன்றாக அமைந்தவை. அதில் தரைத்தகடும், கதவின் அடிவிளிம்பும், தூண்களும், கூரையும் சேர்ந்தே பளுவைத் தாங்குகின்றன. ஹெரால்டு காரோ தனிச்சட்டத்தின்மேல் உடலைப் பூட்டிய அமைப்புடையது. ஆதலால் ஹெரால்டில் வெட்டியதைப் பார்த்து ஃபியட்டில் வெட்டுதல் பிழை. முன்னதில் உடை போன்றது பின்னதில் எலும்பு போன்றதாகும்.

முகப்புப் பலகையை முழுதும் நீக்குவோரும் உளர். அதன் பின்னுள்ள கூர்மையான விளிம்புகளும் தாங்கிகளும் வெளிப்பட்டு ஓட்டுநரின் முழங்காலுக்கு நேரே நிற்கும். ஸ்டியரிங் தண்டைத் தாங்கும் பிடிப்பும் அங்கேதான் உள்ளது. அதனைத் தளர்த்திவிட்டு விரைவு காண முயல்வது அறிவுடைமை ஆகாது.

கதவுகள்

கதவை ஒரு பலகையாகக் கருதுதல் பொதுவழக்கு. கழற்றிப் பார்த்தால் அது ஒரு சிறு எந்திரம் என்பது புலனாகும். வெளித்தகடு, உட்சட்டம், கண்ணாடி, அதை ஏற்றி இறக்கும் வைண்டர் அமைப்பு, கண்ணாடி ஓடும் தடம், பூட்டு, கைப்பிடி, கீல்கள், உள்ளே டோர் பேடு எனப்படும் மெத்தைப்பலகை ஆகியன அதில் அடங்கும். நான்கு கதவுகளுள்ள வண்டியில் இவை யாவும் நான்கு மடங்காகின்றன.

முதல் நிலை டோர் பேடை எடுத்துவிட்டு மெல்லிய அலுமினியத் தகட்டைப் பொருத்துவது. தகடே இல்லாமல் விடுதல் கூடாது. உட்சட்டத்தின் கூர்விளிம்புகள் ஓட்டுநரின் முழங்கையருகே இருப்பவை.

இரண்டாம் நிலை கண்ணாடி. கண்ணாடியின் அடர்த்தி தண்ணீரைப்போல் 2.5 மடங்கு, பாலிகார்பனேட்டின் அடர்த்தி 1.2 மடங்கு. 0.3 சதுர மீட்டர் பரப்பும் 5 மில்லிமீட்டர் தடிப்பும் கொண்ட கண்ணாடி 3.75 கிலோ கனக்கும். அதே பரப்பில் 3 மில்லிமீட்டர் பாலிகார்பனேட் ஏறத்தாழ 1.1 கிலோதான். கண்ணாடி அசையாமல் நிலையாகப் பொருத்தப்படுவதால் வைண்டர் அமைப்பும் தேவையற்றுப் போகிறது. இவை அனைத்தும் இடுப்பு உயரத்திற்கு மேலுள்ள எடையாதலால் பயன் இருமடங்கு. விலை குறைவு என்று அக்ரிலிக் தகட்டைப் போடலாகாது. அது மோதலில் கூரிய சில்லுகளாக உடையும். பாலிகார்பனேட் வளையுமேயன்றி எளிதில் சிதறாது. கீறல் விழுவது அதன் குறை. முன்கண்ணாடி அடுக்குக் கண்ணாடியாகவே இருத்தல் வேண்டும். அங்கே சிக்கனம் பார்க்க இடமில்லை.

மூன்றாம் நிலை உட்சட்டத்தில் துளையிடுதல். பந்தய வண்டிகளின் படங்களில் வரிசையாகத் துளைகளைக் கண்டு மயங்குவோர் பலர். 0.8 மில்லிமீட்டர் தடிப்புள்ள இரும்புத்தகட்டில் 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு துளை இட்டால் நீங்குவது ஏறத்தாழ 12 கிராம். ஒரு கிலோ குறைய 80 துளைகளுக்குமேல் வேண்டும்! ஒவ்வொரு துளையின் விளிம்பும் விரிசலுக்குத் தொடக்கமாகலாம். ஒரு நாள் உழைப்பில் ஒரு கிலோவையும், அதனோடு கதவின் உறுதியையும் இழப்பதைவிட, ஓட்டுநர் தம் உடலில் ஒரு கிலோவைக் குறைத்தல் நலம். தொட்டியில் தேவைக்கு மேலுள்ள பெட்ரோலைக் குறைப்பது அதனினும் எளிது. 10 லிட்டர் பெட்ரோல் 7 கிலோவுக்கு மேல் கனக்கும்.

நான்காம் நிலை கண்ணாடியிழைக் கதவு. காசிமேட்டில் கட்டுமரங்களின் இடத்தைக் கண்ணாடியிழைப் படகுகள் பிடித்ததை நாம் கண்டிருக்கிறோம். அச்செடுத்து, இழைவிரிப்பை அடுக்கி, ரெசின் தோய்த்து உலர்த்தும் அதே தொழில்தான் கதவுக்கும். ஆயினும் பயனை மிகைப்படுத்தலாகாது. 0.8 மில்லிமீட்டர் இரும்புத்தகடு சதுர மீட்டருக்கு 6.3 கிலோ, வளையாமல் நிற்பதற்காக 2.5 மில்லிமீட்டர் தடிப்பில் செய்த கண்ணாடியிழைத்தகடு 3.7 கிலோ அளவில் நிற்கும். ஐந்தில் இரு பங்கே குறைகிறது. கீலும் பூட்டும் பொருந்தும் இடங்களில் இரும்புப்பட்டை புதைக்க வேண்டும். கண்ணாடியிழை தீயில் எரியும் என்பதும் நினைவிற்குரியது.

எந்த நிலையிலும் மாறாத விதி ஒன்று உண்டு. கதவு ஓடும்போது தானே திறக்கக் கூடாது. வேண்டும்போது உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திறக்க வேண்டும். ஆகவே கீலும் பூட்டும் எடைக்குறைப்புக்கு அப்பாற்பட்டவை. உட்கைப்பிடியின் கனத்தைக் குறைக்க விரும்புவோர் அதற்குப் பதிலாக ஒரு தோல்வாரைக் கட்டலாம். கதவைத் திருகாணியால் நிரந்தரமாக மூடிவிட்டு எடை குறைந்தது என மகிழ்வோர், தீப்பற்றிய வண்டியிலிருந்து ஓட்டுநர் எவ்வாறு வெளியேறுவார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

திருப்பிச் செலுத்த வேண்டிய கடன்

கதவிலும் உட்புறத்திலும் நீக்கியவை வெறும் வசதிகள் மட்டுமல்ல. கதவின் உட்சட்டம் பக்கவாட்டு மோதலைச் சிறிதளவாவது தாங்கியது. மெத்தைகள் தலையையும் தோளையும் காத்தன. அவற்றை எடுத்தவர் கடன்பட்டவராகிறார். அக்கடனைத் திருப்பிச் செலுத்தும் வழி, பட்டறைகளில் ரோல் கேஜ் எனப்படும் காப்புக் கூண்டு.

பன்னாட்டு விதிகளின்படி இக்கூண்டு மூட்டற்ற, குளிர்நிலையில் இழுக்கப்பட்ட எஃகுக் குழாயால் அமைய வேண்டும். ஓட்டுநரின் பின்னுள்ள முதன்மை வளைவுக்கு 45 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மில்லிமீட்டர் சுவரும், அல்லது 50 மில்லிமீட்டர் விட்டமும் 2 மில்லிமீட்டர் சுவரும் வேண்டும். தண்ணீர்க்குழாயைக் கொண்டு இதைச் செய்யலாகாது. 45 மில்லிமீட்டர்க் குழாய் மீட்டருக்கு ஏறத்தாழ 2.6 கிலோ. எளிய கூண்டொன்றுக்கு 20 மீட்டர்க் குழாய் எனக் கொண்டால் 45 முதல் 50 கிலோ வரை வண்டியில் ஏறும். கதவின் நெடுக ஓட்டுநரின் விலாவுக்கு நேரே செல்லும் குறுக்குக் கம்பிகள் இக்கூண்டின் உயிர்நிலை. அவை அமைந்த பின்னரே கதவின் உட்சட்டத்தில் கைவைக்கலாம்.

இவற்றோடு பலமுனை இருக்கைப்பட்டை, தீயணைப்பான், மின்னிணைப்பை ஒரே அசைவில் துண்டிக்கும் விசை, பக்கச் சாளரத்திற்கு வலை ஆகியன சேரும். பன்னாட்டுச் சான்றுடைய இருக்கைக்கும் பட்டைக்கும் ஆயுட்காலம் உண்டு. 5 ஆண்டு என வரையறுக்கப்பட்ட வகைகள் பல. பழையனவற்றை மலிவாக வாங்கிப் பூட்டுவோர் அவற்றின்மேல் பொறித்துள்ள ஆண்டைப் பார்த்தல் வேண்டும்.

ஆக, 120 கிலோவைக் களைந்து 60 கிலோவைத் திரும்ப ஏற்றினோம் என்று கொள்வோம். 960 கிலோ 900 ஆகிறது. ஒரு குதிரையின் பங்கு 22.5 கிலோ. மொத்தத்தில் கிடைத்தது இரண்டரைக் குதிரைக்குச் சற்று மேல். 120 கிலோவை முழுதாகச் சேமித்ததாகப் பெருமை பேசுவோர் இக்கணக்கை மறைக்கின்றனர். எனினும் கூண்டு தரும் எடை வீணன்று. வண்டியின் உடல் முறுக்கத்தை அது தடுப்பதால் திருப்பத்தில் சக்கரங்கள் ஒழுங்காகத் தரையைப் பற்றுகின்றன. உயிரைக் காப்பதே விரைவுக்கும் துணையாவது இங்கே காணத்தக்கது.

சமநிலை பிறழாமை

இன்னுமொரு நுட்பம் உண்டு. ஃபியட் காரில் எந்திரம் முன்னே, உந்துவது பின்சக்கரம். பின்னிருக்கை, பின்கதவுகளின் உட்பொருள்கள், பின்கண்ணாடி என நீக்கியவற்றில் பெரும்பங்கு பின்பக்கத்தைச் சேர்ந்தது. அதனால் பின்சக்கரத்தின் மேலுள்ள பளு குறைகிறது. புறப்படும்போது சக்கரம் பிடிப்பின்றிச் சுழல்கிறது. பிரேக் அழுத்தும்போது பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி தன்னைத்தானே சுற்றுகிறது. எடைமேடையில் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் தனித்தனியே நிறுக்கச் சொன்னதன் காரணம் இதுவே. பாட்டரியை மூடிய பெட்டியில் வைத்துப் பின்னறைக்கு மாற்றுதல், பின்பிரேக்கின் அழுத்தத்தைக் குறைத்தல், ஸ்பிரிங்குகளைப் புதிய எடைக்கேற்பத் தேர்தல் ஆகியன இதற்குரிய தீர்வுகள்.

பல பந்தயப் பிரிவுகளில் வண்டிக்குக் குறைந்தபட்ச எடை வரையறுக்கப்பட்டிருக்கும். அதனினும் குறைந்தால் எடைக்கட்டி ஏற்ற வேண்டும். அப்படியாயின் குறைப்பானேன் எனக் கேட்கலாம். கூரையிலும் சாளரத்திலும் களைந்ததைத் தரையோடு தரையாக, வேண்டிய இடத்தில் கட்டியாகப் பூட்டலாம். எடை அதே, அது இருக்கும் இடம் நம் விருப்பம்.

உலகம் தரும் இரு பாடங்கள்

ஜெர்மனியின் போர்ஷே நிறுவனம் 1973ஆம் ஆண்டுக்கென வெளியிட்ட 911 கரேரா ஆர்.எஸ். காரின் இலேசான வகையில் பின்னிருக்கை இல்லை, கதவில் கைப்பிடிக்குப் பதில் வார், மெல்லிய கண்ணாடி. வசதிகள் மிக்க மற்றொரு வகையைக் காட்டிலும் அது சுமார் 100 கிலோ குறைந்திருந்தது. தேர்ந்து களைதலின் சிறப்பை அது காட்டுகிறது.

பிரான்சு நாட்டின் லெ மான்ஸ் நகரில் 1955 ஜூன் 11 அன்று நிகழ்ந்தது மறுபாடம். மெர்சிடிஸ் கார் ஒன்று மோதலில் தூக்கியெறியப்பட்டு, அதன் பகுதிகள் பார்வையாளர்மேல் பாய்ந்தன. ஓட்டுநர் பியர் லெவெக் உட்பட எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். எடையைக் குறைப்பதற்காக அதன் உடல் மக்னீசியக் கலவையால் ஆக்கப்பட்டிருந்தது. எரியும் மக்னீசியத்தின்மேல் தண்ணீர் ஊற்றியபோது தீ மேலும் மூண்டது. இலேசான பொருள் யாவும் நல்ல பொருளல்ல. அது எப்படி உடையும், எப்படி எரியும் என்பதையும் அறிந்தே தேர்தல் வேண்டும்.

களம் வேறு, சாலை வேறு

இதுவரை கூறியவை அனைத்தும் பந்தயக்களத்திற்கே உரியன. அங்கே மருத்துவ ஊர்தி உண்டு, தீயணைப்போர் உண்டு, எதிரே வருவார் இல்லை, 1971இல் அமைந்த இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பு வகுத்த விதிகளும் உரிமமும் உண்டு. பொதுச்சாலையில் இவற்றுள் ஒன்றும் இல்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு பதிவுபெற்ற வாகனத்தை உற்பத்தியாளரின் அமைப்பிலிருந்து மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 189ஆம் பிரிவு சாலையில் பந்தயம் ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது.

சென்னைச் சாலைகளில் மோட்டார் சைக்கிள் பந்தயம் விட்டு இளைஞர்கள் உயிரிழந்த செய்திகளை நாளேடுகளில் படித்து வருகிறோம். மட்கார்டையும் கண்ணாடியையும் கழற்றிய அக்கைகளுக்குத் திறமை இல்லாமலில்லை. வழிகாட்டுதலும் களமும் இல்லாமற் போயின. கழற்றத் தெரிந்த இளைஞனைக் கடிவதோடு நில்லாமல், நிறுக்கவும் கணக்கிடவும் கடனைத் திருப்பி வைக்கவும் கற்பிப்பது ஆசிரியர்களும் ஊர்ப்பெரியோரும் செய்யத்தக்க பணியாகும். எண்ணூர்ச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கிடையே பாயும் துடிப்பு, ஒரு பட்டறையில் தராசின்முன் அமருமாயின் அது பொறியியலாகக் கனியும்.

நிறைவுரை

எடைக்குறைப்பு என்பது எறிதலன்று, தேர்தல். ஒவ்வொரு பொருளும் செய்யும் வேலையை அறிந்து, வேலையற்றதை நீக்கி, வேலையுள்ளதற்கு ஈடு செய்து, எஞ்சியதை உரிய இடத்தில் வைப்பதே அதன் முறை. பின்னிருக்கை நீங்கலாம், தீத்தடுப்புச் சுவர் நீங்கலாகாது. கண்ணாடி மாறலாம், கதவு திறக்கும் தன்மை மாறலாகாது. மாணவர்களே! சோழவரத்து ஓடுதளத்தில் இன்று பந்தய ஒலி இல்லை. ஆயினும் அவ்வொலிக்குக் காரணமான கைத்திறன் நம் தெருக்களில் இருக்கிறது. அத்திறனுக்கு அளவறிவும் சேருமாயின், வண்டியின் எடை குறையும். வீட்டில் காத்திருக்கும் தாயின் நெஞ்சிலும் பாரம் குறையும்.